தைராய்டும் தாய்மையும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மேடையில் பேசியது பேசியபடியே இங்கே தரப்படுகிறது.)



"இருபது நிமிஷம் தர்றோம், எதைப் பத்தி வேணும்னாலும் பேசு" என்று செயலாளர் அக்கா சொன்னார். தலைப்பைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார். "இது மேடையில பேசற விஷயமா?" என்றார். "கல்யாண வீட்டிலயும் பஸ் ஸ்டாண்டிலயும் வெச்சுக் கேக்கறாங்களே அக்கா, 'விசேஷம் ஏதும் உண்டா'ன்னு! கேள்வியை எல்லா இடத்திலயும் கேக்கலாம், பதிலை மட்டும் மேடையில சொல்லக் கூடாதா?" என்றேன். சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்துவிட்டார். அவருக்கு முதல் நன்றி.

நான் 1996 முதல் 1999 வரை இங்கே வேதியியல் படித்தவள். இன்று தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. டாக்டர் அல்ல. ஆகவே இங்கே நான் சொல்லப்போவது மருந்துச் சீட்டு அல்ல. தைராய்டு குறைவோடு குழந்தைக்காகக் காத்திருந்த ஒருத்தி, தான் பட்டதையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த அரங்கில் முந்நூறு பேர் இருப்பீர்களா? சென்னை உள்பட நம் நாட்டின் எட்டு நகரங்களில் நடத்திய ஓர் ஆய்வு 2013-ல் வெளிவந்தது. பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினோரு பேருக்குத் தைராய்டு சுரப்பு குறைவு என்று அது சொன்னது. ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம். அந்தக் கணக்குப்படி இங்கே மட்டும் முப்பது பேர். சிலருக்குத் தெரியும், சிலருக்கு இன்னும் தெரியாது. அவர்களை நினைத்துத்தான் பேசுகிறேன்.

அம்மா கூப்பிடும் குரல்

தங்கைகளே, லேபில் டைட்ரேஷன் செய்வீர்களே, பியூரெட்டில் தயோசல்ஃபேட்டை நிரப்பி, ஸ்டார்ச் சேர்த்ததும் கருநீலமாகி, கடைசி ஒரு சொட்டில் நிறம் பறந்துபோகுமே, அந்த அயோடினை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் முன்கழுத்தில், குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே, சிறகு விரித்த பட்டாம்பூச்சி போல ஒரு சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. எடை இருபது கிராம் அளவுதான். நாம் சாப்பிடும் உப்பிலிருந்தும் மீனிலிருந்தும் பாலிலிருந்தும் அயோடினைப் பிடித்துவைத்து அது தைராக்சின் என்ற ஹார்மோனைச் செய்கிறது. ஒரு மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்கள். அதனால்தான் டி-4 என்று பெயர். அதில் ஓர் அயோடின் கழன்றால் டி-3. உடம்பின் ஒவ்வொரு செல்லும் எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்பதை நிர்ணயிப்பது இந்த இரண்டும்தான்.

இந்தச் சுரப்பியை வேலை வாங்குவது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி. அது அனுப்பும் ஆணையின் பெயர் டி.எஸ்.எச். இதில்தான் எல்லாருக்கும் குழப்பம். "எனக்கு டி.எஸ்.எச். அதிகமாமே, அப்போ தைராய்டு அதிகம்தானே?" என்பார்கள். இல்லை. சமையலறையிலிருந்து அம்மா கூப்பிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எழுந்து வேலையைச் செய்தால் அம்மாவின் குரல் தணியும். படுத்தே கிடந்தால் குரல் ஏறிக்கொண்டே போகும். டி.எஸ்.எச். ஏறியிருக்கிறது என்றால் தைராய்டு படுத்துக் கிடக்கிறது என்று பொருள். சாதாரணமாக 0.4 முதல் 4 வரை இருக்கலாம். லேபுக்கு லேப் சிறிது மாறும்.

ஏன் படுத்துவிடுகிறது? ஒரு காலத்தில் முக்கியக் காரணம் அயோடின் பற்றாக்குறை. இமயமலை அடிவாரத்துக் காங்கிரா பள்ளத்தாக்கில் டாக்டர் வு. ராமலிங்கசுவாமி குழுவினர் 1956-ல் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழுத்துக் கழலை குறையும் என்று நிரூபித்தது. 1962-ல் அரசு அதைத் தேசியத் திட்டமாக்கியது. இன்று நம் ஊர்களில் பெரும்பாலும் காரணம் வேறு. நம் உடம்பின் காவல் படையே ஆள் தெரியாமல் தைராய்டைத் தாக்குகிறது. இதை முதலில் விவரித்தவர் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர், 1912-ல். அவர் எழுதிய நான்கு நோயாளிகளும் பெண்கள்!

என் கதை

எனக்கு 2002-ல் கல்யாணம். மூன்று வருஷம் ஒன்றும் இல்லை. 2005-ல் நாள் தள்ளிப்போயிற்று. ஒன்பதாவது வாரத்தில் கலைந்துபோயிற்று. அதற்கப்புறம் ஒரு சிகிச்சை மையத்தில் இரண்டு வருஷம். கருமுட்டை வளர மாத்திரை, ஊசி, ஒன்றுவிட்டு ஒருநாள் ஸ்கேன். பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு, அரைநாள் லீவு என்று தலைமையாசிரியை முன் நின்று நின்று எனக்கே வெட்கமாக இருக்கும். அந்த இரண்டு வருஷத்தில் என் டி.எஸ்.எச்.சை ஒருவரும் பார்க்கச் சொல்லவில்லை. எந்த ஊர், யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

அதற்குள் உடம்பு என்னவெல்லாமோ சொல்லிக்கொண்டுதான் இருந்தது. மாதவிலக்கு ஏழு நாள், எட்டு நாள் நீடிக்கும். சீப்பு வைத்தால் கற்றையாக முடி வரும். சித்திரை வெயிலில் எல்லாரும் விசிறிக்கொண்டிருப்பார்கள். நான் மின்விசிறியைக் குறைக்கச் சொல்வேன். மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன். "வேலைக்குப் போற பொண்ணு, அலுப்பு இருக்காதா?" என்று வீட்டில் சமாதானம் சொன்னார்கள். தோல் வறண்டது, முகம் ஊதியது, எடை ஒன்பது கிலோ ஏறியது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காரணம் கிடைத்ததால், எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் காட்டிக்கொடுத்தது என் குரல். தொண்டை கரகரத்து, கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் "டீச்சர், கேக்கல" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். 2007-ல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். அவர் தொண்டையைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், "எச்சில் முழுங்கும்மா" என்றார். "மலச்சிக்கல் உண்டா? குளிர் தாங்கறதா? குழந்தைங்க எத்தனை?" என்று வரிசையாகக் கேட்டார். சீட்டில் டி.எஸ்.எச். என்று எழுதினார். மறுநாள் சாயங்காலம் லேபில் கவரைப் பிரித்தேன். 42! அடுத்து எடுத்த பரிசோதனையில் ஹாஷிமோட்டோ என்று உறுதியாயிற்று. எனக்கு அழுகை வரவில்லை தோழிகளே. "அப்பாடா, இதுக்கு ஒரு பேர் இருக்கு" என்றுதான் தோன்றியது. அதுவரை என் பெயரை அல்லவா அதற்கு வைத்திருந்தார்கள்!

குழந்தை ஏன் தள்ளிப்போகிறது?

கழுத்தில் இருக்கும் சுரப்பிக்கும் கருப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். டி.எஸ்.எச்.சை ஏவிவிடும் மேலிடத்து ஹார்மோன் ஒன்று மூளையில் உண்டு. தைராய்டு குறைந்தால் அது அதிகமாகும். அது டி.எஸ்.எச்.சோடு நிற்காமல் புரோலாக்டினையும் கிளப்பிவிடும். புரோலாக்டின் என்பது பால் கொடுக்கும் தாய்க்குச் சுரப்பது. அது ஏறினால், "இவள் கைக்குழந்தைக்காரி, அடுத்தது இப்போது வேண்டாம்" என்று உடம்பு நினைத்துக்கொண்டு கருமுட்டை வெளியாவதை நிறுத்திவைக்கும். கைக்குழந்தைக்கு ஏங்கும் பெண்ணைக் கைக்குழந்தைக்காரி என்று உடம்பே தப்புக் கணக்குப் போடுவதை என்னவென்று சொல்வது! முட்டை வெளியானாலும் கருப்பையின் உட்சுவர் சரியாகப் பக்குவப்படாமல் போகலாம். கரு தங்கினாலும் கலைந்துபோகும் வாய்ப்பு கூடும்.

இதில் நல்ல செய்தி, இதைச் சரிசெய்வது மிகச் சுலபம் என்பது. 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் டாக்டர், தைராய்டு அடியோடு செயலிழந்த ஒரு பெண்மணிக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மாள் அதற்கப்புறம் இருபத்தெட்டு வருஷம் வாழ்ந்தார். 1914-ல் கெண்டல் என்ற அமெரிக்க வேதியியல் அறிஞர் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். 1927-ல் அதைச் சோதனைச்சாலையிலேயே செய்துகாட்டினார்கள். வேதியியல் தங்கைகளே, நம் பாடம் பரீட்சைக்கு மட்டும் இல்லை! இன்று எந்த மருந்துக் கடையிலும் அந்த மாத்திரை கிடைக்கும். நாளொன்றுக்குச் சில ரூபாய்தான் செலவு. அளவு மட்டும் மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோகிராமில். அதனால் 50-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் சின்னது என்று நினைத்துவிடாதீர்கள்.

காபிக்கு முன் ஒரு மணி நேரம்

மாத்திரை சுலபம் என்றேன். ஆனால் தஞ்சாவூர் ஜில்லாவில் வாக்கப்பட்டவளுக்கு அதில் ஒரு கஷ்டம் உண்டு. வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு மாத்திரையை விழுங்க வேண்டும். அதன் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபி கூடாது. எங்கள் வீட்டில் காலை ஐந்தரைக்கே டிகாக்‌ஷன் இறங்கிவிடும். காபி மாத்திரையைக் குடலில் சேரவிடாமல் பாதியிலேயே வழிமறிக்கும். பாலும் சோயாவும் அப்படித்தான். என் மாமியார் முதலில், "ஒரு வாய் காபிக்கு இத்தனை சட்டமா?" என்றார். பிறகு அவரே தினமும் நாலரைக்கு எழுந்து, "மாத்திரையப் போட்டுட்டுப் படும்மா" என்று தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். அத்தைக்கு இந்த மேடையிலிருந்து ஒரு கும்பிடு.

இரும்புச்சத்து மாத்திரைக்கும் சுண்ணாம்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இரண்டையும் கட்டாயம் கொடுப்பார்கள். மூன்று மாத்திரையையும் ஒரே டப்பாவில் போட்டுவைத்து, காலையில் ஒரே வாயில் விழுங்குகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரை உள்ளே போகிறது, பலன் வெளியே போகிறது. விரத நாளன்று சிலர் மாத்திரையையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். சஷ்டி இருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு மடக்குத் தண்ணீரில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இருங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

இன்னொன்று, பொறுமை. இந்த மருந்து உடம்பில் மெதுவாகத்தான் நிலைக்கும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் சரியான டி.எஸ்.எச். தெரியும். பத்து நாளில் பரிசோதித்துவிட்டு "குறையவே இல்லையே" என்று டாக்டரை மாற்றுவது வீண். எனக்கு 50-ல் ஆரம்பித்து, 75 ஆகி, 100-ல் வந்து நின்றது. 42 இறங்கி 2.1 ஆக ஐந்து மாதம் பிடித்தது. அதற்கப்புறமும் ஒரு வருஷம் கழித்துத்தான், 2009-ல், நாள் தள்ளிப்போயிற்று. மாத்திரை வழியில் கிடக்கும் கல்லை எடுத்துப்போடும். நடக்க வேண்டிய தூரத்தை நாம்தான் நடக்க வேண்டும்.

நாள் தள்ளிப்போன அன்று

இனி சொல்லப்போவதற்காகத்தான் நான் முக்கியமாக மேடை ஏறினேன். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பெண். கல்யாணமாகி, தைராய்டு இருப்பது தெரிந்து, ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுவந்தாள். முழுகாமல் இருப்பது தெரிந்ததும் பெரியவர்கள், "வயித்துப் பிள்ளையோட இங்கிலீஷ் மருந்து சாப்பிடக் கூடாது" என்று நிறுத்திவிட்டார்கள். நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். மூன்றாம் மாதம் முடிவதற்குள் கலைந்துபோயிற்று. மாத்திரையை நிறுத்தியதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று எடுத்த டி.எஸ்.எச். 60-க்கு மேல். அந்தப் பெண் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "டீச்சர், யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாள். அதனால்தான் முன்னாடியே சொல்கிறேன்.

கருவில் இருக்கும் குழந்தைக்குத் தன் தைராய்டு வேலைசெய்யத் தொடங்கவே பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகும். ஐந்தாம் மாத வாக்கில்தான் அது ஓரளவு சொந்தக் காலில் நிற்கும். அதுவரை மூளை வளர வேண்டிய தைராக்சின் தாயிடமிருந்துதான் போக வேண்டும். நல்ல தைராய்டு உள்ள பெண்ணுக்குச் சுரப்பி தானாகவே அதிகம் சுரந்து ஈடுகட்டும். நம் சுரப்பி படுத்துக் கிடக்கிறதே, எங்கிருந்து கொடுக்கும்? ஆகவே கர்ப்பம் என்று தெரிந்தால் மாத்திரையை நிறுத்தவும் கூடாது, பழைய அளவிலேயே விடவும் கூடாது. கூட்ட வேண்டும். இந்தத் தேவை ஐந்தாவது வாரத்திலேயே ஏறத் தொடங்கிவிடுகிறது என்று 2004-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஐந்தாவது வாரம் என்றால் என்ன? நாள் தள்ளி ஒரு வாரம்! நம்மில் பலர் அப்போது மாமியாரிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டோம்.

நாம் கல்லூரியை விட்டு வெளியே வந்த அதே 1999-ல் இன்னொரு ஆய்வு வெளிவந்தது. கர்ப்ப காலத்தில் தைராய்டு குறைவாக இருந்தும் சிகிச்சை பெறாத தாய்மாரின் பிள்ளைகளை ஏழிலிருந்து ஒன்பது வயதில் சோதித்தார்கள். மற்றப் பிள்ளைகளைவிட அறிவுத்திறன் அளவில் சராசரியாக ஏழு புள்ளி குறைவு. சராசரிதான், ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படி ஆகும் என்றில்லை. யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் சில ரூபாய் மாத்திரையில் தவிர்க்கக்கூடியதை ஏன் விட்டுவைக்க வேண்டும்?

ஆகவே மாத்திரை சாப்பிடும் பெண்கள் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். தங்கைகள் குறித்துக்கொள்ளலாம்.

1. குழந்தை வேண்டும் என்று முடிவு செய்ததுமே டி.எஸ்.எச். பாருங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது 2.5-க்குக் கீழே வந்த பிறகு கருத்தரிப்பது நல்லது.

2. "நாள் தள்ளினால் எத்தனை மாத்திரை?" என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறை, வாரத்துக்கு ஏழு மாத்திரை சாப்பிடுகிறவர் கர்ப்பம் தெரிந்ததும் ஒன்பதாக்கி, உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்கிறது. உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

3. ஐந்தாம் மாதம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். அதன் பிறகு ஏழாம் மாத வாக்கில் ஒருமுறையாவது.

4. முதல் மூன்று மாதத்தில் கர்ப்ப ஹார்மோனின் தூண்டுதலால் டி.எஸ்.எச். தானாகவே கொஞ்சம் இறங்குவதுண்டு. "சரியாயிடுச்சு" என்று நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள்.

5. பிரசவம் ஆனதும் பழைய அளவுக்குத் திரும்பி, ஆறு வாரத்தில் மறுபடி பரிசோதனை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம்.

6. பிறந்த குழந்தைக்கு, இரண்டு நாள் கழிந்ததும், குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்குத் தைராய்டு இல்லாவிட்டாலும் கேளுங்கள். பிறவியிலேயே குறைவு இருந்து, ஆரம்ப நாட்களிலேயே கண்டுபிடித்தால் அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும்.

என் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. என் வீட்டுக்காரரின் பெரியம்மா, "மாத்திரைய நிறுத்தச் சொல்லு, பிள்ளைக்கு ஆகாது" என்றார். அத்தை என்னைக் கேட்கவில்லை. நேராக டாக்டரிடமே கேட்டார். டாக்டர் சொன்னார்: "அம்மா, இது வெளி மருந்து இல்ல. உங்க மருமக உடம்பு சுரக்க வேண்டியதைத்தான் நாம கொடுக்கறோம். இதை நிறுத்தினா பிள்ளைக்குப் போறதை நிறுத்தின மாதிரி." வீட்டுக்கு வந்த அத்தை பெரியம்மாவிடம் சொன்னது அதைவிடச் சுருக்கம்: "அக்கா, நீங்க உப்பு போடாமச் சமைப்பீங்களா? இவளுக்கு இதுதான் உப்பு." அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. 100 மைக்ரோகிராம் 125 ஆகி, கடைசியில் 150 வரை போயிற்று. 2009 நவம்பரில் என் மகள் பிறந்தாள்.

வீட்டுக்கும் ஊருக்கும் சில வார்த்தைகள்

திருக்கருகாவூர் எங்கள் ஊருக்குப் பக்கம். கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் நானும் படி மெழுகினேன், நெய்ப் பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டேன். அரசமரம் சுற்றினேன், தொட்டில் கட்டினேன். காத்திருக்கும் பெண்ணுக்கு மனசைச் சாய்க்க ஓர் இடம் வேண்டாமா? அதை யாரும் கேலி செய்ய வேண்டாம். கோயிலுக்குப் போங்கள்; போகும் வழியில் லேபிலும் இறங்குங்கள்.

ஆனால் மனிதர்கள் செய்வதைத்தான் தாங்க முடியவில்லை. என் நாத்தனாருக்கு வளைகாப்பு. வரிசையாகச் சுமங்கலிகளை அழைத்து வளையல் அடுக்கச் சொல்கிறார்கள். என் முறை வந்ததும் பார்வை என்னைத் தாண்டி அடுத்தவரிடம் போய்விட்டது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் செய்வது சொல்வதைவிட வலிக்கும். இங்கே இருக்கும் மாமியார்களே, அக்காமார்களே, உங்கள் வீட்டு விசேஷத்தில் அப்படி ஒருத்தி ஓரமாக நின்றால், முதல் வளையலை அவள் கையில் கொடுங்கள். அதில் குறைந்துபோவது ஒன்றும் இல்லை.

இன்னொன்று, பரிசோதனை இருவருக்கும். என் வீட்டுக்காரர் முதல் மாதமே தன் பரிசோதனையைச் செய்துகொண்டார். "இதில என்ன மானக்கேடு?" என்று கேட்டார். நம் ஊரில் எத்தனை ஆண்கள் அப்படிக் கேட்கிறார்கள்? பெண்ணுக்கு நான்கைந்து வருஷம் வைத்தியம் பார்த்துக் களைத்த பிறகுதான், "மாப்பிள்ளையையும் ஒரு தடவை…" என்று தயங்கித் தயங்கி ஆரம்பிப்பார்கள். தைராய்டு குறைவு ஆணுக்கும் வரும். அது விந்தணுவையும் பாதிக்கும். தங்கைகளே, நாளைக்கு இந்த நிலை உங்களுக்கு வந்தால், முதல் நாளே இரண்டு பேருமாகப் போங்கள்.

எதையும் அளவுக்கு மீறிச் செய்யவும் வேண்டாம். டி.எஸ்.எச். மூன்று என்று வந்ததும் பயந்துபோய்த் தானாகவே மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. தேவையில்லாமல் சாப்பிட்டால் நெஞ்சு படபடக்கும், காலப்போக்கில் எலும்பு தேயும். தைராய்டு சரியாகச் சுரந்து, எதிர்ப்பொருள் மட்டும் ரத்தத்தில் இருக்கிற பெண்களுக்கு மாத்திரை கொடுத்தால் அதிகக் குழந்தைகள் பிறக்கின்றனவா என்று இங்கிலாந்தில் சோதித்தார்கள். பலனில்லை என்று 2019-ல் முடிவு வந்தது. அதேபோல, இந்துப்பு உடம்புக்கு நல்லது என்று சொல்லி அயோடின் உப்பை வீட்டை விட்டே விரட்டுவதும் இப்போது பழக்கமாகி வருகிறது. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்ற பெரியவர்களுக்கு 150. பாக்கெட்டைத் திருப்பி, அயோடின் சேர்த்தது என்று இருக்கிறதா என்று பாருங்கள். கோஸையும் முள்ளங்கியையும் கண்டு ஓட வேண்டாம். வேகவைத்து அளவாகச் சாப்பிடுவதில் தவறில்லை.

ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தைராய்டு சரியானால் எல்லாருக்கும் குழந்தை பிறந்துவிடும் என்று நான் சொல்லவே மாட்டேன். என் வகுப்புத் தோழி ஒருத்திக்கும் இதே நோய், இதே மாத்திரை. டி.எஸ்.எச். சரியாயிற்று; குழந்தை வரவில்லை. எட்டு வருஷம் பார்த்தாள். பிறகு கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி, அரசு ஆணையத்தில் பதிவு செய்து, முறைப்படி ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். அவள் அனுமதியோடுதான் சொல்கிறேன். இதோ இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறாள். "வைத்தியம் தோத்துப்போச்சுன்னு சொல்லாதே. எனக்கு அலுப்பு போச்சு, முடி நின்னுது, தெளிவா முடிவெடுக்கிற தெம்பு வந்துது. வைத்தியம் தன் வேலையைச் செஞ்சுது" என்பாள். எவ்வளவு சரியான பேச்சு!

தங்கைகளே, உங்களில் பலருக்குக் கல்யாணப் பேச்சே இன்னும் வந்திருக்காது. இருந்தாலும் உடம்பு சொல்வதைக் கேட்டுப் பழகுங்கள். காரணமில்லாத அலுப்பு, தாங்க முடியாத குளிர், கட்டுக்கடங்காத உதிரப்போக்கு, கொத்தாக உதிரும் முடி, வீட்டில் அம்மாவுக்கோ அத்தைக்கோ தைராய்டு… இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்தாலே ஒரு முறை டி.எஸ்.எச். பார்த்துவிடுங்கள். முழங்கையில் ஒரு ஊசிக் குத்து, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன் தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டில் சொல்லுங்கள். ஒரு மாத்திரைக்காகத் தயங்குகிற வீடு, தயங்கட்டும்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிற தோழிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நான் பேசியதில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை. நல்ல செய்தி தெரிந்த அன்று இனிப்பு செய்வதற்கு முன் டாக்டருக்கு ஒரு போன் செய்யுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லி யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.